பூஜைக்கு முன்னால்: ஒளிப்பதிவாளரின் ஆயத்த நாட்கள்

சென்னை கொரட்டூரில் கிழக்கு மேற்காக ஓடும் 20 அடித் தெரு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரு பக்கமும் இடைவெளி இல்லாமல் மூன்று மாடி வீடுகள், உயரம் சுமார் 35 அடி. டிசம்பர் மூன்றாவது வாரத்தில் இந்தத் தெருவின் தரையில் நாள் முழுக்க நேர்வெயில் விழாது. கொரட்டூர் 13 பாகை வடக்கு அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. அந்த வாரத்தில் உச்சிவேளையில்கூடச் சூரியன் தென்வானில் 53 பாகை உயரத்தில்தான் நிற்கும். தெற்கு வரிசை வீடுகளின் நிழல் 26 அடிக்கு நீண்டு, தெருவைத் தாண்டி எதிர்ச் சுவரிலும் ஏறிவிடும். அதே தெருவுக்கு ஜூன் மூன்றாவது வாரத்தில் போனால் உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே இருக்கும். இப்போது நிழல் வடக்கு வரிசை வீடுகளுடையது. அது 6 அடிதான். மீதி 14 அடியும் வெயில்.

ஒரே பகலில் நடக்கும் கதை இது என்று இயக்குநர் சொல்கிறார். நடிகரின் கால்ஷீட் கிடைக்காததால் பாதியை டிசம்பரிலும் மீதியை ஜூனிலும் எடுக்கிறார்கள். இரண்டும் ஒட்டாது. டி.ஐ. என்கிற டிஜிட்டல் நிறத்திருத்தத்தில் நிறத்தை மாற்றலாம், மாறுபாட்டைக் கூட்டலாம், குறைக்கலாம். தெருவில் வெயில் இருந்ததா, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதை அப்படி மாற்ற முடியாது. படப்பிடிப்பு தொடங்கிய பிறகு இதைக் கண்டுபிடிக்கிறவர் நஷ்டத்தைத்தான் கண்டுபிடிக்கிறார். தொடங்கும் முன்பே ஒரு திசைகாட்டியும் கொஞ்சம் முக்கோணக் கணிதமும் கைவசம் வைத்து இதைச் சொல்லிவிடுகிறவரைத்தான் நல்ல ஒளிப்பதிவாளர் என்பேன்.

ஒளிப்பதிவாளரைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் படப்பிடிப்புத் தளத்தில் அவர் செய்தவற்றைப் பற்றித்தான். கேமராவுக்குப் பின்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் புகைப்படம்தான் பத்திரிகையில் வரும். ஒரு படத்தின் தோற்றம் பெரும்பாலும் அதற்கு முன்பே, பூஜை போடாத நாட்களில், கேமரா வாடகைக்கு வராத நாட்களில் தீர்மானமாகிவிடுகிறது என்பது என் துணிபு. அந்த நாட்கள் தமிழ் சினிமாவில் தனிக் கணக்கில் வருவதில்லை. ஒட்டுமொத்தச் சம்பளத்துக்குள் கரைந்துபோகின்றன. கரைவதால் சுருங்குகின்றன. அதனால் நேரும் கேடு திரையிலும் தெரிகிறது, திரைக்கு வெளியே உயிர்ச்சேதமாகவும் தெரிந்திருக்கிறது.

பழைய ஸ்டுடியோ காலத்தில் ஆயத்தம் வேலையின் உள்ளேயே இருந்தது. வடபழனி விஜயா வாஹினியில் மார்க்கஸ் பார்ட்லி எடுத்த ‘மாயாபஜார்’ (1957) இதற்குச் சான்று. அந்தப் படகுப் பாட்டின் நிலவொளி அரங்குக்குள் உண்டாக்கப்பட்டது. வெளியே எண்ணூரில் எடுத்தது சில நொடிகள்தான் என்பது பதிவாகியிருக்கும் செய்தி. நிலவொளியில் அக்காலப் படச்சுருள் எதையும் பதியாது. ஆகவே எவ்வளவு ஒளியைக் கொடுத்து எவ்வளவைக் குறைத்துப் பதிந்தால் பார்ப்பவர் அதை நிலா என்று நம்புவார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். தண்ணீரில் மின்னும் ஒளி எங்கிருந்து வரவேண்டும், நடிகையின் முகம் எந்த அளவுக்கு இருட்டில் இருக்கலாம் என்பதையும்தான். படச்சுருள் லேபில் கழுவி வரும்வரை யாருக்கும் எதுவும் தெரியாத காலம் அது. கணக்குத் தப்பினால் பாட்டு முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டும்.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் கல்கத்தாவில் சுப்ரதா மித்ரா வேறொரு சிக்கலில் இருந்தார். ‘அபராஜிதோ’ (1956) படத்துக்காகக் காசி வீடொன்றின் முற்றம் தேவைப்பட்டது. மழைக்காலத்துக்குப் பயந்து அதை ஸ்டுடியோவில் செட்டாகப் போட்டார்கள். காசியில் அப்படிப்பட்ட முற்றங்களுக்குள் சூரியன் நேராக இறங்குவதில்லை. வானத்தின் மென்மையான வெளிச்சம்தான் மேலிருந்து இறங்கும், நிழலுக்கு விளிம்பு இருக்காது. ஸ்டுடியோ விளக்குகளோ விளிம்புள்ள நிழலைத்தான் தரும். மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன்மேல் அடித்து, திரும்பி வரும் ஒளியில் படமெடுத்தார். உலகம் முழுக்க இன்று படப்பிடிப்புகளில் சாதாரணமாகிவிட்ட முறை இது. நம் தெர்மாகோல் பலகையும் அந்த வகையில் சேர்ந்ததுதான். இதில் கவனிக்க வேண்டியது, துணி கட்டும் யோசனை காசியின் முற்றங்களைப் பார்த்துப் பழகிய கண்ணிலிருந்து வந்தது என்பது. முதலில் இடத்தின் ஒளியைப் படித்தார், பிறகுதான் அதைச் செய்தார்.

இடத்தைப் படிப்பதற்கு முன் கதையைப் படிக்க வேண்டும். பவுண்ட் ஸ்கிரிப்ட் கைக்கு வந்ததும் அனுபவமுள்ளவர்கள் முதல் வாசிப்பில் எதையும் குறிப்பதில்லை. பார்வையாளராகப் படித்துவிட்டு, இரண்டாம் முறை காட்சிகளைப் பிரிக்கிறார்கள். பகல், இரவு, உள்ளே, வெளியே, அதிகாலை, அந்தி. பிரித்த பிறகுதான் படத்தின் உண்மையான உருவம் தெரியும். எளிய குடும்பக் கதை என்று நினைத்ததில் பாதிக்கு மேல் இரவுக் காட்சியாக இருக்கும். எழுதியவர் போகிற போக்கில் ‘மாலை’ என்று எட்டு இடத்தில் எழுதியிருப்பார். எட்டு மாலை என்றால் என்ன என்பதை அவருக்கு எடுத்துச் சொல்வது ஒளிப்பதிவாளரின் கடமை.

என்னவென்றால், நம்மூர் மாலை குட்டையானது. நிலநடுக்கோட்டுக்கு அருகே சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குகிறது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் சென்னையில் அது மணிக்கு 14½ பாகைக்குமேல் சரிகிறது. அடிவானத்துக்கு மேலே கடைசி 6 பாகை, அதாவது முகத்தில் தங்கநிறம் படியும் நேரம், சுமார் 25 நிமிடத்தில் முடிந்துவிடும். லண்டனில் அதே பருவத்தில் 38 நிமிடம் கிடைக்கும். சூரியன் மறைந்த பின் வரும் அந்திவெளிச்சமும் நமக்கு 20 நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ‘டேஸ் ஆஃப் ஹெவன்’ (1978) படத்தை நெஸ்டர் அல்மென்ட்ரோஸ் கனடாவின் ஆல்பர்ட்டா வயல்களில் அந்தி வெளிச்சத்துக்காகக் காத்திருந்து எடுத்ததை உலகம் கொண்டாடுகிறது. அங்கேயே அது ஒரு நாளைக்குச் சில ஷாட்டுக்குத்தான் போதும். கொரட்டூரில் எட்டு மாலைக் காட்சி எழுதினால், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று மாலை ஒதுக்க வேண்டும். அல்லது அவற்றில் ஐந்தைப் பகலாக்கவோ இரவாக்கவோ வேண்டும். இந்தப் பேச்சு கதை விவாத அறையில் நடந்தால் செலவில்லை. தளத்தில் நடந்தால் முழு யூனிட்டும் உட்கார்ந்திருக்கும்.

இனி இடம். சினிமாக்காரர்கள் ரெக்கி என்பார்கள், லொகேஷன் பார்க்கப் போவது என்பார்கள். கொரட்டூரையே மாதிரியாக வைத்துக்கொண்டால் ஒளிப்பதிவாளர் என்னென்ன பார்ப்பார்?

ரயில் நிலையத்தில் தொடங்கலாம். சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் இருப்புப்பாதை வில்லிவாக்கத்துக்கும் பட்டரவாக்கத்துக்கும் நடுவே கொரட்டூரைத் தொடுகிறது. பாதை இங்கே ஏறத்தாழ மேற்கு நோக்கிப் போகிறது. தண்டவாளங்கள் சேரும் புள்ளியில் சூரியன் இறங்குவதாக ஒரு ஷாட் எந்த இயக்குநருக்கும் தோன்றும். சூரியன் நேர்மேற்கில் மறைவது மார்ச்சிலும் செப்டம்பரிலும் சில நாட்கள்தான். ஜூனில் அது மேற்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளி மறைகிறது, டிசம்பரில் அதே அளவு தெற்கே. மொத்தம் 48 பாகை. பெரும்பாலான லென்ஸ்களில் சட்டத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் தாண்டி வெளியே போய்விடும் தூரம் அது. பாதையின் துல்லியமான திசையை அளந்து, அதற்குப் பொருந்தும் வாரத்தைக் கண்டு, அந்த வாரத்துக்கு ரயில்வேயிடம் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி முதலில் வாங்கிவிட்டுச் சூரியனைத் தேடுவது தலைகீழ் வேலை.

பாதைக்கு வடக்கே கொரட்டூர் ஏரி. அம்பத்தூர் ஏரியோடும் ரெட்டேரியோடும் தொடர்ச்சியாக அமைந்த பெரிய நீர்நிலை அது. தொழிற்சாலைக் கழிவு கலப்பதை எதிர்த்து ஊர் மக்கள் இயக்கம் கட்டிப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். ஒளிப்பதிவாளருக்கு இதுவும் தேவையான செய்திதான். எந்த மாதம் நீர் நிற்கும், எந்த மாதம் ஆகாயத்தாமரை மூடும், எப்போது நுரை ஒதுங்கும் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும், செயலிகளுக்குத் தெரியாது. ஏரிக்குத் தெற்கே நின்று வடக்கு நோக்கிக் கேமரா வைத்தால் டிசம்பரில் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், தண்ணீர் நீலமாகத் தெரியும். ஜூன் உச்சியில் அதே இடத்தில் சூரியன் தலைக்கு மேலே, சற்று வடக்கே நிற்கும்.

ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாட்களையொட்டிச் சென்னையில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. நிழலில்லா நாள் என்று அறிவியல் இயக்கத்தினர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குச்சி நட்டுக் காட்டுகிறார்கள். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம், முகத்தைப் படமெடுப்பவருக்குப் பெருந்தொல்லை. கண்குழி இரண்டும் இருண்டு, மூக்கின் நிழல் உதட்டில் விழும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை எல்லா நண்பகலும் ஏறத்தாழ இப்படித்தான். கோடை ஷெட்யூல் என்றால் 11 மணி முதல் 2 மணி வரை வீட்டுக்குள் எடுப்பதற்கான காட்சிகளைக் கையில் வைத்திருக்க வேண்டும். தலைக்கு மேலே விரிக்க, வெயிலை மென்மையாக்கும் ஸ்கிம்மர் துணி எத்தனை அடிக்கு எத்தனை அடி, அதைக் கட்ட மொட்டைமாடிச் சுவர் தாங்குமா, மேலே மின்கம்பி போகிறதா என்பதெல்லாம் ரெக்கியின்போதே பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியவை.

இன்னொன்று மரம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. பல தெருக்களின் வெளிச்சம் ஒரே நாளில் மாறிப்போனது. முந்தைய ஆண்டு எடுத்து வைத்த புகைப்படத்தை நம்பி அந்தத் தெருக்களில் படப்பிடிப்பு வைத்திருந்தால் தூங்குமூஞ்சி மர நிழலுக்குப் பதில் வெட்டவெளிதான் கிடைத்திருக்கும். ரெக்கி ஒருமுறை போனால் போதாது. படப்பிடிப்புக்குச் சில நாள் முன்பு, எடுக்கப்போகும் அதே மணிக்கு, மறுபடி போக வேண்டும்.

வீட்டுக்குள் போவோம். வீட்டு வசதி வாரியக் குடியிருப்பின் முன்னறை. ஒரு கம்பி ஜன்னல், ஒரு வாசல். வெளியே வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். உள்ளே ஜன்னலுக்குத் தள்ளி நிற்கும் பாட்டியின் முகத்தில் 200 லக்ஸ் இருந்தால் அதிகம். 500 மடங்கு வித்தியாசம், ஒன்று ஏறினால் ஒளி இரட்டிக்கும் கேமராக்காரர் கணக்கில் ஒன்பது ஸ்டாப். இன்றைய நல்ல டிஜிட்டல் கேமரா சுமார் பதினான்கு ஸ்டாப்பை ஒரே சமயத்தில் தாங்கும் என்றாலும், முகத்துக்கு வைத்தால் ஜன்னலுக்கு வெளியே வெளுத்துப்போகும், தெருவுக்கு வைத்தால் பாட்டி கரைந்துபோவார். ஜன்னலில் கருப்பு ஜெல் ஒட்டுவதா, உள்ளே ஒளியைக் கூட்டுவதா, அல்லது வெளுக்கட்டும் என்று விடுவதா? மூன்றும் மூன்று வேறு படங்கள். ஆகவே இது கலை இயக்குநரோடும் பேச வேண்டிய செய்தி. சுவர் வெள்ளையாக இருந்தால் புகுந்த வெளிச்சம் அறை முழுக்கத் துள்ளும், அடர்நீலமாக இருந்தால் ஜன்னலோரத்திலேயே செத்துவிடும். சுவருக்கு எந்தச் சுண்ணாம்பு அடிக்கிறோம் என்பது எந்த விளக்கைவிடவும் பெரிய ஒளியமைப்பு முடிவு. புடவையின் நிறமும் அப்படித்தான். வெள்ளைச் சட்டையைக் கொஞ்சம் தேநீர்ச் சாயத்தில் முக்கி எடுப்பது எதற்காக என்று உடையலங்காரக்காரர்களுக்குத் தெரியும்.

இரவு வேறு கதை. பழைய அம்பத்தூர் நகராட்சி 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது, கொரட்டூர் இன்று அம்பத்தூர் மண்டலத்தில் இருக்கிறது. அதன் பிறகான ஆண்டுகளில் நகரமெங்கும் மஞ்சள் சோடியம் விளக்குகள் போய் வெள்ளை எல்.இ.டி. வந்தது. சோடியம் விளக்கின் நிறவெப்பம் 2000 கெல்வினை ஒட்டியது, பழுத்த ஆரஞ்சு. 2000-களில் வந்த சென்னைப் படங்களின் இரவு முழுக்க அந்த ஆரஞ்சில் நனைந்தது. இன்று 2005-இல் நடக்கும் கதையைக் கொரட்டூர்த் தெருவில் எடுக்க வேண்டுமானால் தெருவிளக்குகளை அணைக்கச் சொல்லி அனுமதி வாங்கி, சொந்த மஞ்சள் விளக்குகளை ஏற்ற வேண்டும். நமக்குத் தெரியாமலே நகரத்தின் இரவு ஒன்று மறைந்துபோயிருக்கிறது. அதை மீட்டுத் தர ஒளிப்பதிவாளரைத் தவிர வேறு ஆள் இல்லை.

அத்துடன் மின்துடிப்பு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. மட்டமான எல்.இ.டி. பல்பும் பழைய டியூப் லைட்டும் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். நொடிக்கு 24 சட்டம் ஓடும் கேமராவில் ஷட்டரை 172.8 பாகைக்கு வைத்தால் ஒவ்வொரு சட்டமும் ஐம்பதில் ஒரு நொடி ஒளிபெறும், துடிப்பு அடங்கிவிடும். 60 சுற்று மின்சாரம் உள்ள அமெரிக்காவுக்கு இந்த எண் பொருந்தாது. மளிகைக் கடையிலோ தொழிற்பேட்டைப் பட்டறையிலோ ஸ்லோமோஷன் எடுப்பதானால், அங்கே தொங்கும் ஒவ்வொரு விளக்கையும் முன்னதாகவே கேமராவில் பார்த்துவிட வேண்டும். ஒரு மதியத்தில் முடியும் வேலை. விட்டுவிட்டால் எடிட்டிங் அறையில் பல நாள் தலைவலி.

கடைசியாக, ஜெனரேட்டர் வண்டி. 18 கிலோவாட் எச்.எம்.ஐ. விளக்கு ஒன்று 80 ஆம்பியரை ஒட்டி இழுக்கும். எந்த வீட்டு இணைப்பும் அதைத் தாங்காது. ஜெனரேட்டர் வேன் 20 அடித் தெருவுக்குள் நுழையுமா, திரும்புமா, ஆம்புலன்ஸ் வந்தால் வழி இருக்குமா, கேபிள் எத்தனை மீட்டர், சத்தம் வசனத்தில் விழாத தூரம் எது? இதற்கெல்லாம் விடை சொல்லக்கூடியவர் லைட் யூனிட்டின் தலைமை லைட்மேன். ரெக்கிக்கு அவரை அழைத்துப் போகாத படங்கள்தான் இன்றும் அதிகம். இது பெரிய தவறு. இருபது, முப்பது ஆண்டு தெருத்தெருவாக விளக்குத் தூக்கியவருக்கு ஒரு மொட்டைமாடியைப் பார்த்ததும் தெரிவது, பட்டம் வாங்கிய உதவியாளர்களுக்குத் தெரியாது.

இடத்தோடு வாழ்ந்து ஆயத்தம் செய்த தமிழ்க் கலைஞர் என்றால் எனக்கு முதலில் பாலு மகேந்திராதான். மட்டக்களப்பில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து, ‘நெல்லு’ மலையாளப் படத்தில் தொடங்கியவர். ‘கோகிலா’வுக்கும் ‘மூன்றாம் பிறை’க்கும் தேசிய விருது பெற்றவர். ‘வீடு’ (1988) ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் வீடு கட்டப் படும் பாட்டைச் சொல்லும் படம். அதற்காகச் சாலிகிராமத்தில் உண்மையாகவே ஒரு கட்டடத்தை எழுப்பியபடியே எடுத்தார். அந்த இடம்தான் பிற்காலத்தில் அவருடைய சினிமாப் பட்டறை ஆனது. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு மூன்றும் அவரே. கிடைக்கும் வெளிச்சத்திலேயே எடுப்பவர் என்று அவரைப் பற்றிச் சொல்கிறோம். அதைக் கேட்டு ஆயத்தம் தேவையில்லாத முறை அது என்று இளைஞர்கள் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். விளக்கு வைக்காமல் எடுப்பவருக்குத்தான் ஆயத்தம் இரட்டிப்பு. கூரையில்லாத செங்கல் சுவருக்குள் காலை 8 மணி வெளிச்சம் எங்கே விழுகிறது, 4 மணிக்கு எங்கே நகர்கிறது என்று தெரிந்தவரால்தான் நாயகி அர்ச்சனாவை எங்கே நிற்க வைப்பது என்று முடிவு செய்ய முடியும். இடமும் நேரமும்தான் அவருடைய விளக்குகள்.

முகத்தின் நிறமும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டியது. நிறப்படச்சுருளும் அச்சுமுறையும் வெள்ளைக்காரப் பெண்ணின் முகத்தை அளவுகோலாக வைத்து வளர்ந்தவை. கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையிலேயே அவள்தான் இருந்தாள். நம் ஸ்டுடியோக்கள் அதற்கு ஈடாக நடிகர் முகத்தில் அப்பினதுதான் அந்தக் கனத்த மேக்கப். பாலு மகேந்திரா நடிகைகள் சோபாவையும் அர்ச்சனாவையும் அவர்கள் நிறத்திலேயே அழகாகக் காட்டினார். இன்று நிறம் பதியும் சில்லு மாறிவிட்டது, பழக்கம் முழுதாக மாறவில்லை. அதனால்தான் லுக் டெஸ்ட் என்கிற சோதனைப் படப்பிடிப்பை ஒதுக்கவே கூடாது என்கிறேன். நடிகரை அவர் உடுத்தப்போகும் துணியில், கதை நடக்கும் வீட்டின் சுவர் நிறத்துக்கு முன்னால், தேர்ந்த லென்ஸில், பகல் வெளிச்சத்திலும் மஞ்சள் பல்பிலும் எடுத்துப் பார்க்க வேண்டும். அதைக் கலரிஸ்டிடம் கொடுத்து, படத்தின் நிறத்தை அப்போதே தீர்மானித்து, அந்த நிற அமைப்பையே தளத்து மானிட்டரில் ஏற்ற வேண்டும். தீர்மானிக்காமல் போனால் இயக்குநரும் எடிட்டரும் மாதக்கணக்கில் ஏதோவொரு தற்காலிக நிறத்தைப் பார்த்து, அதுவே சரி என்று பழகிவிடுவார்கள். பிறகு எதைச் செய்தாலும் அந்நியமாகத் தெரியும்.

படச்சுருள் இருந்தவரை இந்தச் சோதனையைத் தவிர்க்க வழியே இல்லை. 400 அடிச் சுருள் நாலரை நிமிடம்கூட ஓடாது. கணக்குப் பார்த்துத்தான் வாங்குவார்கள். லென்ஸ் சோதனை, படச்சுருள் சோதனை, லேபின் கழுவும் முறையில் சோதனை என்று ஜெமினி லேபுக்கும் பிரசாத் லேபுக்கும் நடந்த பிறகுதான் முதல் ஷெட்யூல். டிஜிட்டல் வந்ததும் எடுத்தவுடன் பார்க்கலாம் என்ற வசதி வந்தது, பார்த்துக்கொள்ளலாம் என்ற மெத்தனமும் கூடவே வந்தது. கருவி மலிவானதால் வந்த லாபத்தை ஆயத்த நாட்களுக்குத் திருப்பியிருக்கலாம். அது நடக்கவில்லை.

செட் போட்டு எடுக்கும் படங்களில் இந்த நாட்களின் அருமை பளிச்சென்று தெரியும். தமிழ் சினிமா மும்பையின் தாராவியைச் சென்னையில் இருமுறை பெரிதாகக் கட்டியிருக்கிறது. ‘நாயகன்’ (1987) படத்துக்காகத் தோட்டா தரணி வீனஸ் ஸ்டுடியோவில் கட்டினார், ஒளிப்பதிவு பி.சி. ஸ்ரீராம். இருவருக்கும் அந்தப் படத்துக்காகவே தேசிய விருது கிடைத்தது. மேலிருந்து விழும் ஒளியும் பாதி இருட்டில் நிற்கும் முகமும் அந்தப் படத்தின் அடையாளம். அப்படி ஒளி விழ வேண்டுமானால் திறப்பு எங்கே வேண்டும் என்பது ஆணி அடிக்கும் முன்பே தெரிய வேண்டும். கலை இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் ஒரே வரைபடத்தின் முன் உட்கார்ந்தால்தான் இது கைகூடும். முப்பது ஆண்டு கழித்து ‘காலா’ (2018) படத்துக்குத் தாராவி எழுந்தது நம் மேற்குப் புறநகரில், பூந்தமல்லியைத் தாண்டிய செம்பரம்பாக்கம் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில். ஒளிப்பதிவு ஜி. முரளி, கலை த. இராமலிங்கம். மும்பையில் உண்மைத் தெருவில் எடுத்ததையும் செம்பரம்பாக்கம் வெட்டவெளியில் எடுத்ததையும் அடுத்தடுத்து ஒட்ட வேண்டும். மும்பை சென்னையைவிட ஆறு பாகை வடக்கே இருக்கிறது. அங்கே சந்தின் அகலம் என்ன, கூரைக்கும் கூரைக்கும் நடுவே வானம் எவ்வளவு தெரிகிறது, செட்டை எந்தத் திசை பார்த்துப் போட்டால் வெயில் அதேபோல் விழும்? போட்ட பிறகு செட்டைத் திருப்பி வைக்க முடியாது.

ஒத்திகையை எல்லையிலேயே கொண்டுபோய் நிறுத்திய படங்களும் உண்டு. ‘1917’ (2019) படத்துக்கு ரோஜர் டீகின்ஸும் இயக்குநர் சாம் மெண்டிஸும் நடிகர்களை வெறும் வயலில் நடக்கவிட்டு, வசனம் முடியும் தூரத்தை அளந்து, அந்த நீளத்துக்குத்தான் பதுங்குகுழி வெட்டினார்கள். நம்மிடம் பார்த்திபனின் ‘இரவின் நிழல்’ (2022), ஒளிப்பதிவு ஆர்தர் ஏ. வில்சன். ஒன்றரை மணி நேரம் வெட்டில்லாமல் ஓடும் ஒரே ஷாட். அந்தப் படத்தின் கதையைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்துகள் உண்டு. ஆனால் படம் தொடங்கும் முன் ஒத்திகையையும் தவறிய முயற்சிகளையும் அரைமணி நேரம் திரையரங்கிலேயே காட்டினார்கள். தமிழ்ப் பார்வையாளர் ஆயத்தத்தைப் பெரிய திரையில் பார்த்த அரிய சந்தர்ப்பம் அது.

இனி சொல்லப்போவது அழகைப் பற்றியது அல்ல. 2020 பிப்ரவரி 19 இரவு, அதே ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் ‘இந்தியன் 2’ படத்துக்காக விளக்குகள் பொருத்தும் வேலை நடந்துகொண்டிருந்தபோது கிரேன் சரிந்து விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். இறந்தவர்கள் இயக்கம், கலை, உணவு எனப் படத்தின் வெவ்வேறு பிரிவுகளில் உழைத்தவர்கள். விபத்தின் காரணத்தைத் தீர்ப்பது விசாரணையின் வேலை, அதில் நான் தலையிடவில்லை. எந்தப் படத்துக்கும் பொருந்தும் ஒன்றைச் சொல்கிறேன். பெரிய இரவுக் காட்சிக்கு நிலவு வேண்டும் என்றால் உயரத்தில் விளக்கு வேண்டும். உயரத்தில் விளக்கு என்றால் எத்தனை கிலோ, கிரேனின் கை எவ்வளவு நீண்டால் அந்த எடையைத் தாங்கும், நிற்கும் மண் கெட்டியா, ஏரிக்கரை மண்ணா, காற்று எவ்வளவு, கை விழக்கூடிய வட்டத்துக்குள் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டு எழுதிவைக்க வேண்டும். இந்த வரைபடத்தைப் போடத் தொடங்க வேண்டியவர் ஒளிப்பதிவாளர். எந்த உயரத்தில் எந்த விளக்கு என்று கேட்பவர் அவர்தானே. போடுவதற்கு நாள் கொடுக்க வேண்டியவர் தயாரிப்பாளர். இரவு ஷூட்டிங் அன்று மாலை ஆறு மணிக்கு நின்றுகொண்டு யோசித்து முடிவெடுக்கிற விஷயம் இல்லை இது.

ஆகவே என் வேண்டுகோள் நேரடியானது. தயாரிப்பாளர்கள் ஒளிப்பதிவாளரின் ஒப்பந்தத்தில் ஆயத்த நாட்களைத் தனி வரியாக எழுதி, தனித் தொகையாகக் கொடுக்க வேண்டும். ஒளிப்பதிவாளரோடு கலை இயக்குநருக்கும் தலைமை லைட்மேனுக்கும் ரெக்கி நாட்களுக்குப் பேட்டா சேர வேண்டும். உயரத்தில் ஏற்றும் ஒவ்வொரு விளக்குக்கும் எடை எழுதிய வரைபடம் இல்லாமல் இரவுப் படப்பிடிப்புக்கு யூனிட்டை அனுப்பக் கூடாது. 1972 முதல் இயங்கும் தென்னிந்திய ஒளிப்பதிவாளர்கள் சங்கமும் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமும் சேர்ந்து உட்கார்ந்தால் இதை ஒரே கூட்டத்தில் விதியாக்கிவிடலாம். தரமணித் திரைப்படக் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: கேமரா கிடைக்கவில்லை என்று காத்திருக்காதீர்கள். உங்கள் தெருவில் இன்று காலை எட்டு மணிக்கு வெயில் எந்த வீட்டு வாசலில் விழுந்தது என்று எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே மணிக்குப் போய்ப் பாருங்கள்.